யார் போட்ட ஆள்?

புதிய நீதியரசர்கள் சத்தியப்பிரமாணம் செய்யும் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம், எங்கள் ரப்பர் தோட்டத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவை நடத்திய அக்காவின் நினைவு வருகிறது. அந்தப் படத்தை அவர் பார்க்கும் விதமே வேறு. அங்கி அணிந்தவரின் முகத்தை அவர் முதலில் பார்க்கமாட்டார். நியமனக் கடிதத்தை நீட்டுகிற கையைத்தான் பார்ப்பார். அது யாருடைய கை, அதற்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தை வாங்குகிறவரிடம் வருவார்.

"வாங்குறவரு நல்லவராத்தான் இருப்பாரு தம்பி. ஆனா யாரு போட்ட ஆளு?"

தெஹியோவிட்ட கடைவீதியில், அவிசாவளை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், அப்போது நான் ஒரு சிறு கடை வைத்திருந்தேன். பத்திரிகை விற்பனையும் போட்டோ கொப்பியும்தான் தொழில். விற்காமல் மிஞ்சும் பத்திரிகைகளிலிருந்து முக்கியமானவற்றை வெட்டி ஆண்டு வாரியாக அடுக்கி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சனிக்கிழமைகளில், வேலைக்குப் போன தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அக்கா இறங்கி வருவார். குட்டையான உருவம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் கட்டியிருக்கும். புடவையில் பால்மா வாசனை. ஒரு பத்திரிகை வாங்குவார், கடை வாசலில் நின்றபடி மூன்றைப் படித்துவிடுவார். தோட்டத்தின் மேல் டிவிசனில் அவருடைய குடும்பத்தோடு சேர்த்து, மாதா கோயிலுக்குப் போகிற நாலைந்து வேதக்காரக் குடும்பங்கள் இருந்தன. கணவர் ரப்பர் பால் வெட்டியவர், இறந்து பல காலம் ஆகியிருந்தது. ஸ்டெல்லா என்று ஒரே மகள்.

யார் எந்தப் பதவியில் இருந்தாலும் அக்காவுக்கு அந்த ஒரு கேள்விதான். ஒரு முறை பொங்கல் விளையாட்டுப் போட்டியில், மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது, நடுவராக நின்ற பையனைக் காட்டி அதைக் கேட்டார். கீழ் டிவிசன் கெப்டனின் மச்சான் என்று யாரோ சொன்னார்கள். அதுவரை யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை. ஆட்டம் நின்றுபோனது. அந்தப் பையன் அழாத குறை. அதற்குப் பிறகு அவன் கொடுத்த சரியான தீர்ப்புகளைக்கூட யாரும் நம்பவில்லை. பின்னேரம் அக்கா அவனைக் கூப்பிட்டு ஒரு பனிஸ் கொடுத்து, அவன் மேல் குற்றமில்லை, அவனைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல்தான் குற்றம் என்று சமாதானம் சொன்னார். அவன் பனிசைத் தின்றான், சமாதானமாகவில்லை. இப்படித்தான் அக்காவைப் பலருக்குப் பிடிக்காமல் போனது. சண்டைக்காரி என்றார்கள். பத்திரிகை படித்துக் கெட்டுப்போனவர் என்றார்கள்.

ஒரு பஸ் விபத்து வழக்கில் சாட்சி சொல்ல அக்கா நீதிமன்றத்துக்குப் போனார். துணைக்கு நான் போயிருந்தேன். வராந்தாவில் காத்திருந்தபோது, வாசலில் நின்ற கொன்ஸ்தாபிளிடம் நல்ல சிங்களத்தில், உள்ளே இருக்கிற நீதவான் மஹத்தயாவை நியமித்தது யார் என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்த அவர் முறைத்தார். நான் அக்காவை ஓரமாக அழைத்துப்போய், நீதவான்களை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு என்று விளக்கினேன். ஆணைக்குழுவை நியமித்தது யார் என்றார். ஜனாதிபதி என்றேன். ஜனாதிபதியை என்று அவர் கேட்குமுன், நாம்தான் என்று நானே முந்திக்கொண்டேன்.

அக்கா விரல்களை மடித்துப் பார்த்தார். "நாம அவர போட்டோம். அவரு இவங்கள போட்டாரு. சரி. ஆனா அவரு மேலயே ஒரு கேஸ் வந்துச்சுன்னா அத யாரு கேக்குறது?"

அவர் போட்டவர்கள்தான் என்றேன். அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தச் சங்கிலியை நானே கட்டிவைத்தவன் போல இருந்தது அந்தப் பார்வை.

அதனால் 2015இல் இலங்கை அரசியலமைப்புக்குப் பத்தொன்பதாவது திருத்தம் வந்தபோது அவருக்கிருந்த சந்தோஷம் எனக்குப் புரிந்தது. உயர் நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி ஒருவரை நியமிக்க விரும்பினால், இனி அரசியலமைப்புப் பேரவை அதை அங்கீகரிக்க வேண்டும். பேரவையில் எதிர்க்கட்சிக்காரரும் இருப்பார், கட்சி சாராத சிலரும் இருப்பார்கள். கடை வாசலில் நின்று அதை இரண்டு முறை வாசித்தார். "ஒத்தக் கையில இருந்தத எடுத்துப் பல கையில குடுத்துட்டாங்க" என்றார். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல், கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி மலைப்பாதையில் ஏறிப் போனார்.

எங்கள் தோட்டத்திலும் வழக்கு விசாரணை உண்டு. வேலி, கோழி, கைகலப்பு, லயம் என்ற தொடர் வீடுகளில் காலியான காம்பரா யாருக்கு என்ற தகராறு எல்லாம் பொலிசுக்குப் போகாது. தொழிற்சங்கத் தலைவர், தானே பிடித்த இரண்டு பேரோடு கோயில் முற்றத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பார். தலைவர் கெட்டவரில்லை, கலகலப்பான மனிதர். ஆனால் அந்த ஆண்டு அவருடைய மச்சினன் பொதுக்குழாயில் ஹோஸ் மாட்டித் தன் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் இழுத்தபோது, அவர் பிடித்த இரண்டு பேரும் அதில் தப்பில்லை என்றார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து அக்கா எழுந்து தன் கேள்வியைக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு சில மாதங்கள் தலைவரிடம் ஒரு வழக்கும் வரவில்லை. கோழிச் சண்டைகூட பொலிசுக்குப் போனது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை தலைவரைக் கூப்பிட்டு, உன்னுடைய ஆட்களை உன்னால் சமாளிக்க முடியாதா என்று கேட்டுவிட்டார். தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவுக்கே வந்து, என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்றார்.

அக்கா அதற்குத் தயாராகவே இருந்தார். ரப்பர் கொட்டை உதிர்கிற காலம் அது. வீட்டுக்கு ஒரு கொட்டை. மரங்களுக்கு இலக்கம் போடுகிற வெள்ளைப் பெயின்டால் ஒவ்வொன்றிலும் லய இலக்கமும் காம்பரா இலக்கமும். எல்லாவற்றையும் ஒரு பால் வாளியில் போட்டு மூடிவிட வேண்டும். வழக்கு வந்தால் வாளியிலிருந்து மூன்று கொட்டை எடுப்பது. வழக்காடுகிற இரண்டு வீட்டுக் கொட்டைகளை மட்டும் முன்பே விலக்கிவிட வேண்டும். வருகிற மூன்று வீடுகளும் ஆளுக்கொருவரை அனுப்பும், அவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். கொட்டை எடுக்கிற கை யாருடையது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. கடைசியாக நடந்த வழக்கில் தோற்றவர் எடுக்கட்டும் என்றார் அக்கா. "தோத்தவங்களுக்குத்தான் இன்னொருத்தரு ஏமாறக் கூடாதுன்னு இருக்கும்" என்பது அவர் சொன்ன காரணம். அது எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று நான் ஒரு யோசனை சொன்னேன். கொட்டைக்குப் பகை தெரியாது, அதனால் வழக்காடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கொட்டையை வேண்டாம் என்று திருப்பிப் போட இடம் கொடுக்கலாம் என்றேன். அக்கா மறுத்துவிட்டார். திருப்பிப் போட விட்டால், வேண்டிய ஆள் வரும்வரை தலைவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கும் என்றார். ஒன்றே ஒன்றுதான் என்று வரையறுக்கலாமே என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

கோயில் முற்றத்துக்குப் பதிலாக விசாரணை பிள்ளைக் காம்பராவுக்கு வந்தது. அங்கே இருந்தவை பிள்ளைகள் உட்காரும் குட்டி வாங்குகள்தான். தீர்ப்புச் சொல்ல வருகிற பெரிய மனிதர்கள் முழங்கால் தாடையில் இடிக்க அவற்றில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் சுவரில் யானையும் வாத்தும் வரைந்திருக்கும். வழக்குகள் சீக்கிரம் முடிந்ததற்கு அந்த வாங்குகளும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

தலைவர் தோற்றதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் என் கடையில் அக்காவைப் பார்த்து, "நீங்க பரலோகம் போனாலும் வாசல்ல நிக்கிறவர யாரு போட்டதுன்னு கேப்பீங்க அக்கா" என்றார்.

"அங்க கேக்கத் தேவல்ல தலைவரே" என்றார் அக்கா. "அங்க போடுறவரு மேல கேஸ் இல்ல."

2018 டிசம்பரில், பாராளுமன்றத்தை ஜனாதிபதி கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். மறுநாள் சனிக்கிழமை இல்லை, ஆனாலும் அக்கா வந்துவிட்டார். பிள்ளைகளை உதவிக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். பேரவை வந்ததால்தான் இது நடந்தது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஏழு பேரும் பேரவை வழியாக வந்தவர்கள் அல்லர், சிலர் அதற்கு முன்பே வந்தவர்கள் என்று நான் திருத்தினேன். அப்படியானால் ஒரே கை போட்டும் வளையாத அவர்களைத்தான் இன்னும் அதிகமாகக் கும்பிட வேண்டும் என்றார் அக்கா.

அதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், அக்காவின் பக்கத்துக் காம்பரா காலியானது. அங்கிருந்த கிழவர் இரத்தினபுரியில் மகனோடு இருக்கப் போய்விட்டார். ஸ்டெல்லா அப்போது கணவனோடு அவிசாவளையில் வாடகைக்கு இருந்தாள். வயிற்றில் பிள்ளை. அந்தக் காம்பரா கிடைத்தால் தாய்க்குப் பக்கத்தில் வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் கணவனுக்கு வத்தளையில் ஒரு களஞ்சியத்தில் வேலை காத்திருந்தது, அங்கே போய்விடுவார்கள். அக்கா அதிகம் சொல்லமாட்டார். ஆனால் அந்த வாரங்களில் பத்திரிகை படிக்கும்போது அவர் கண் வரிகளில் ஓடவில்லை. லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். மகள் பிள்ளைத்தாய்ச்சியாக அந்தப் பக்கம் படுத்திருப்பதை, பேரப்பிள்ளையின் அழுகை சுவருக்கு மேலாக வருவதை, அவர் முன்கூட்டியே கேட்கத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கீழ் லயத்துத் தேவிகாவும் அந்தக் காம்பராவைக் கேட்டாள். மாமனார், மாமியார், கொழுந்தன்மார் என்று ஏழு பேர் ஒரே காம்பராவில் இருந்தார்கள். தோட்டம் ஒத்துக்கொண்ட ஆளுக்குத் துரை மறுப்புச் சொல்வதில்லை. ஆகவே வாளியை வெளியே எடுத்தார்கள்.

மூன்றாவதாக வந்த கொட்டை காவல்காரர் மருதையின் வீட்டுடையது. அவர் அக்காவோடு பேசி வருஷக்கணக்காகியிருந்தது. அம்மை கண்ட அவருடைய பேத்தியை, மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும் என்று, மழை நாளில் பிள்ளைக் காம்பரா வாசலிலிருந்தே அக்கா திருப்பி அனுப்பியதுதான் காரணம். தோட்டம் முழுக்க அது தெரியும். மருதை மனைவியை அனுப்பியிருக்கலாம், மகனை அனுப்பியிருக்கலாம். தானே வந்து குட்டி வாங்கில் உட்கார்ந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் ஸ்டெல்லாவுக்கு, ஒருவர் தேவிகாவுக்கு. மருதை தேவிகாவுக்கு என்றார்.

அந்தத் தீர்ப்பைப் பல கோணங்களில் யோசித்திருக்கிறேன். தேவிகா தோட்டத்தில் பெயர் பதிந்து பால் வெட்டுகிறவள். ஸ்டெல்லாவும் அவள் கணவனும் பதிவில் இல்லை. ஏழு பேர் ஒரு காம்பராவில் என்பதும் சிறிய விஷயமில்லை. தீர்ப்பு பிழை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வாங்கில் உட்காரக் கூடாத ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

மறுநாள் தலைவர் அக்காவின் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தார். நானும் இருந்தேன். உள்ளே ஸ்டெல்லா இருந்தாள். தலைவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். மருதைக்கு இருக்கும் கோபம் எல்லோருக்கும் தெரிந்தது, துரையிடம் தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காம்பரா ஸ்டெல்லாவுக்கு வந்துவிடும், இதில் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள் என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்க நல்ல மனசோட சொல்றீங்க தலைவரே. ஆனா இன்னைக்கு எனக்காக அந்த வாளி முறைய ஒடச்சீங்கன்னா, நாளைக்கு யாருக்காக வேணும்னாலும் ஒடைக்கலாம். விட்டுருங்க."

தலைவர் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார். ஸ்டெல்லா வாசலுக்கு வந்து நின்றாள்.

"அம்மா, எனக்காக ஒரு வாட்டி சரின்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "ஊருக்கெல்லாம் பாக்குறீங்க."

தலைவர் குடிக்காத கோப்பையை அக்கா எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஸ்டெல்லா அன்று பின்னேர பஸ்ஸுக்கே அவிசாவளைக்குப் போய்விட்டாள். மாதம் முடிவதற்குள் வத்தளைக்குக் குடிபோனார்கள்.

தேவிகா சாமான்களோடு வந்த நாளில், அந்தக் காம்பரா கழுவிக் கூட்டியிருந்தது. கிழவர் விட்டுப்போன குப்பை, அடுப்புக் கரி எதுவும் இல்லை. தேவிகா உள்ளே வர முடியாமல் வாசலில் நின்றாளாம். அக்கா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, தரை இன்னும் காயவில்லை, பார்த்துக் காலை வை என்று மட்டும் சொன்னாராம். தேவிகாதான் இதை எனக்குச் சொன்னாள்.

அடுத்த வழக்கு ஓர் ஆட்டைப் பற்றியது. கடைசியாகத் தோற்றவர் என்ற முறையில் அக்காதான் வாளிக்குள் கை விட வேண்டும். கையை விட்டுத் துழாவி எடுத்தால், முதல் கொட்டையே மருதை வீடு. கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. மருதை கூடச் சிரித்துவிட்டார். அக்கா அந்தக் கொட்டையை அவரிடம் நீட்டி, "வாங்க, ஒங்களுக்குத்தான் பழகின வாங்கு" என்றார். அவர்கள் மீண்டும் பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அப்போதே நான் என் பழைய யோசனையை எடுத்தேன். ஆளுக்கொரு கொட்டையைத் திருப்பிப் போடுவது என்று இப்போதாவது மாற்றலாம் என்றேன். சரிதான், ஆனால் இப்போது வேண்டாம் என்றார் அக்கா. "நான் தோத்த ஒடனே மாத்துனா, எனக்காக மாத்துன மாதிரி. ஒரு வருசம் போகட்டும்." சொன்னபடியே ஒரு வருஷம் பொறுத்திருந்து, கொரோனா ஊரடங்கு வருவதற்குச் சற்று முன்பு, கூட்டத்தில் தானே எழுந்து அதைக் கேட்டார். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அதே 2020இன் ஒக்டோபரில் இருபதாவது திருத்தம் வந்து பேரவை போனது. நீதியரசர்களை நியமிக்கும் அதிகாரம் மறுபடி ஒரு கைக்கு வந்தது. மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்லலாம், தடுக்க முடியாது. என் பத்திரிகை அடுக்கில் இந்த இரண்டு மாற்றங்களையும் ஒரே ஆண்டின் கீழ் வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பத்திரிகைத் துண்டு உண்டு. மற்றதை நானேதான் எழுதி வைத்தேன்.

ஊரடங்கு தளர்ந்த ஒரு நாளில் அக்கா கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். வத்தளையில் ஸ்டெல்லாவுக்குப் பெண் பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தது. போக வழியில்லாமல் மாதக்கணக்காகப் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகையை எடுத்தவர் விரிக்காமலே பேசினார். தேவிகாவுக்கும் பிள்ளை பிறந்திருந்தது. பொழுது சாய்ந்தால் வீரிட்டு அழும். அக்கா தன் காம்பராவில் இருந்தபடியே, சுவருக்கு மேலாகப் போகும்படி மாதா பாட்டு ஒன்றைப் பாடுவாராம். பாடினால் அடங்கிவிடுமாம்.

"என் பேத்திக்கு என் கொரலு தெரியாது தம்பி. போன்ல பேசுனா போனத்தான் பாக்குது. இந்தப் புள்ளைக்குத் தெரியுது." பத்திரிகையை இன்னொரு மடிப்பு மடித்தார். "அது எனக்குச் சந்தோசமா இருக்கு. ஸ்டெல்லாகிட்ட அத எப்படிச் சொல்றது?"

பஸ் வந்து நின்று போனது. அவர் ஏறவில்லை, அடுத்ததில்தான் போனார்.

2022இல் அவருக்கு முழங்கால் முடியாமல் போனது. ஸ்டெல்லாவே வந்து அழைத்துக்கொண்டு போனாள். சாமான்கள் குறைவு, ஒரு முச்சக்கரவண்டியில் அடங்கிவிட்டன. அந்தக் காம்பரா வாளி முறைப்படி கீழ் லயத்து இரண்டு சகோதரர்களுக்குப் போனது. அந்த ஆண்டு ஒக்டோபரில் இருபத்தோராவது திருத்தம் நிறைவேறி, அரசியலமைப்புப் பேரவை திரும்ப வந்தது. அன்று எனக்கு வேறு யாரிடமும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. வத்தளைக்குப் போன் எடுத்தேன்.

பேரவை வந்துவிட்டது என்றேன். யார் யார் அதில் இருப்பார்கள், அங்கீகாரம் எப்படி என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். நடுவில் அவர் குறுக்கிடவில்லை. பின்னால் ஒரு சிறுமி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லது தம்பி, நல்லது" என்றார். பிறகு, தன் பழைய காம்பராவுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பையன்க பாடுவானுங்களா?"

தெரியவில்லை அக்கா என்றேன். தேவிகாவின் பிள்ளை இன்னும் அழுகிறதா என்று கேட்டார். பொழுது சாய்ந்தால் கொஞ்ச நேரம் அழுகிறது, பிறகு தானே அடங்கிவிடுகிறது என்று தேவிகா சொன்னதை அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு போனில் வத்தளைத் தெருவில் வாகனங்கள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.